மரியாள் என்று சீட்டுக் கட்டிய நிழல்

முதல் அநியாயம் வழி. பெரிய ஊருக்குப் போகிற மேட்டுப்பாதையில் சிப்பிக்கரைக்காரர்கள் நடந்தால் அவர்களுடைய நிழல் எதிரே வருகிற மேலான ஆட்கள்மீது பட்டுவிடும் என்று சொல்லி, மீன்கடவம் சுமந்த பெண்களை வயற்சேற்றில் இறங்கி நடக்க வைத்தார்கள். இரண்டாவது அநியாயம் கயிறு. காயலில் ஊறிய தேங்காய்மட்டையை அடித்து நாராக்கி, கடற்கரையில் விரித்து, விரல்தோல் உரியத் திரித்துக் கொடுத்த கயிற்றில் கறுப்பு மணல் ஒட்டியிருக்கிறது என்று வியாபாரி முகம் சுளித்து எடையில் கழித்தான். மூன்றாவது அநியாயம் அந்தக் கழிவு. கப்பலேறிப் போன கயிற்றை எங்கோ ஒரு குளிர்தேசத்தில் உதறிப் பார்த்த ஒருவன், கயிற்றைவிட அதில் ஒட்டிய மணலுக்குத்தான் மதிப்பு என்று கண்டுகொண்ட பிறகும் இங்கே எடையில் கழிப்பது நிற்கவில்லை. நாலாவது அநியாயம் வேலி. வலை உலர்த்திய கரையைக் கம்பெனி வளைத்துக்கொண்டது. அரசாங்கம் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது. ஐந்தாவது அநியாயம் சல்லடை. கயிறு திரித்த அதே பெண்களை அதே மணலைச் சலிக்க வேலிக்குள் போட்ட மணல்வாடிக்குக் கூலிக்கு அழைத்து, இத்தனை காலம் உடம்பிலிருந்து தட்டிவிட்ட மண்ணை இனிப் பொன்போல அள்ளச் சொன்னார்கள். ஆறாவது அநியாயம் வாசல். சாயங்காலம் வெளியே வருகிற ஒவ்வொருத்தியும் கொண்டையை அவிழ்த்து உதறி, முந்தானையை உதறி, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழாவதுதான் நிழல்.

இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்ல தொபியாஸ் விடமாட்டான். கயிற்றிலிருந்து சல்லடைக்குத் தாவினால் கையை உயர்த்தி நிறுத்தி, வழியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்வான். அவன் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளில் சுவரில் ஒட்டிய துண்டறிக்கைகளை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிப் படிக்கக் கற்றவன். அதனால் அவன் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் எதிரி இருப்பான். மணல்வாடிப் பெண்களுக்கு சங்கம் கட்டியவன் அவன்தான். கம்பெனி இலவசமாகத் தண்ணீர்ப்பானை வைத்தபோது மோந்து பார்க்கச் சொன்னவனும் அவன்தான். வேலைக்கு ஆள் எழுத வந்தபோது, "பேரைக் குடுத்தா ஆளையே குடுத்தது மாதிரி, ஒருத்தியும் உள்ள பேரைச் சொல்லப்பிடாது" என்று அவன் சொல்லிக் கொடுக்க, ஞானஸ்நானத்தில் எப்படியும் எல்லோருக்கும் ஒட்டியிருக்கிற பெயர்தானே என்று, வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் மரியாள் என்றே சொன்னார்கள். எழுதிய குமாஸ்தா இந்த ஊரில் பெயருக்குப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டான். தொபியாஸ் அன்று முழுக்கத் தனக்குத்தானே சிரித்தான். வாழ்க்கையில் அவன் அப்படிச் சிரித்த நாட்கள் குறைவு.

நிழல் நிறுக்கப்பட்ட அன்று வெயில் கடல்பக்கம் சாய்ந்திருந்தது. மணல் சலித்த பெண்களிலேயே பழையவளான மார்த்தீனாள், தொபியாஸின் தங்கை, கல்யாணம் ஆகாமலே நாற்பதைத் தொட்டவள், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கிழக்கே பார்த்த வாசல் அது. அதனால் அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு வெளியே போய், மணல்மூட்டை நிறுக்கிற தராசின் தட்டுமேல் விழுந்தது. தட்டு டங்கென்று தரையில் இடித்தது.

"ஏட்டி, தராசுல கையை வைக்காத," என்றான் காவல்காரன்.

"எனக்க ரெண்டு கையும் தலைமேல இருக்கு. ஒமக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றாள் மார்த்தீனாள்.

அவள் பின்னால் நகர்ந்தாள், தட்டு ஏறியது. முன்னால் வந்தாள், தட்டு இறங்கியது. அடுத்தவள் வந்தாள், அவள் நிழலுக்கும் தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. அதற்கடுத்தவள் புதிதாக வேலைக்கு வந்தவள், அவள் நிழலுக்குத் தட்டு அசையவில்லை. காவல்காரன் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் பேனாவைக் காதிலிருந்து எடுத்துக் குறித்துக்கொண்டு, உள்ளே ஆளனுப்பினான். கெமிஸ்ட் துரை வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு, சப்பாத்திக்கல்லில் ஒட்டிய மாவைக் கிளப்புகிற மாதிரி ஒரு மழுங்கின கத்தியால் மார்த்தீனாளின் நிழலைக் காலடியிலிருந்து கிளப்பினார். வலிக்கிறதா என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார். வலிக்கவில்லை என்று அவள் சொன்னாள். பாயைச் சுருட்டுவதுபோல் அதைச் சுருட்டி, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு மணல்மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குப் போனார்கள். வாசலைத் தாண்டி எடையோடு போகிற எதுவும் கம்பெனிக்குச் சொந்தம் என்று பலகையில் எழுதியிருந்தது. சுருட்டின்மேல் ஒரு சீட்டுக் கட்டினார்கள். சீட்டில் மரியாள் என்று எழுதினார்கள்.

"இத்தன நாளும் நம்மள உதறிப் பாத்தது போதாதாம்," என்றாள் பக்கத்தில் நின்ற ரெஜினாள், சங்கத்திலேயே வாய் நீண்டவள், மார்த்தீனாளின் அடுத்த வீட்டுக்காரி. "நாளைக்கு ஒருத்தி கொட்டாவி விட்டா அதையும் சாக்குல கட்டுவானுவ."

வீட்டில் தொபியாஸ் கேட்டுவிட்டு நம்பவில்லை. "தராசுக்குக் கீழ காந்தம் வச்சிருப்பானுவ. இது வேற எதுக்கோ அடிபோடுதானுவ."

"காந்தமோ கீந்தமோ, எனக்க காலடியைப் பாரு அண்ணே," என்றாள் தங்கை.

வெளியே ஈரமணலில் அவள் நடந்து வந்த பாதையைப் பார்த்தான். நாய் வந்த தடம் இருந்தது, கோழி வந்த தடம் இருந்தது. அவள் வந்த தடம் இல்லை.

கெமிஸ்ட் துரை நிழலின் ஓரத்தில் உள்ளங்கை அகலம் வெட்டி அமிலத்தில் கொதிக்கவைத்தார். அடியில் சாம்பல்நிறமாய் ஒரு பொடி தங்கியது. அதைச் சுவாலையில் காட்டி முப்பட்டைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, இதுவரை எந்த உலோகமும் காட்டாத இடத்தில் ஊதாவாக ஒரு கோடு நின்றது. அவர் அன்று சாப்பிடவில்லை. சீமைக்கு எழுதினார். சீமையில் ஒரு பண்டிதர் இது இரண்டு பழைய உலோகங்களின் கலப்பு என்றார். இன்னொருவர் இதைத் தான் போன வருஷமே கண்டுவிட்டதாகவும், சோம்பலால் வெளியிடவில்லை என்றும் சொன்னார். மூன்றாமவர் காலையில் நிறுத்தால் ஓர் எடையும் மாலையில் நிறுத்தால் அதிக எடையும் காட்டுகிற பொருளை உலோகம் என்று சொல்வது விஞ்ஞானத்துக்கே இழுக்கு என்றார். கடைசியில், முழு நிழலையும் கொண்டுவந்து எல்லோர் கண்முன்னும் உருக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்கிறோம், பெயரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்மானித்தார்கள். பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. மானேஜர் துரையின் மகள் எலினோரின் பெயரால் எலினோரியம். வைகாசி நடுவில் இறங்குகிற இடவப்பாதி மழை கடலைக் குழப்புமுன் வருகிற கடைசிக் கப்பலில் நிழல்சுருட்டு போவதாக ஏற்பாடு.

இதெல்லாம் சீமையில் நடந்தது. சிப்பிக்கரையில் நடந்தது வேறு. நிழலுக்கு எடை உண்டு என்று தெரிந்த மறுநாளே ஊர் அதைத் தன் வேலைகளுக்குள் சேர்த்துக்கொண்டது, புதிதாக வந்த கிழங்குவகையைச் சேர்த்துக்கொள்வதுபோல. கட்டுமரத்தை அலை இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, மணல்வாடியில் பழகிய ஒரு மாமியைக் கூப்பிட்டு அதன்மேல் நிழல் விழும்படி நிற்கச் சொன்னார்கள். மதியம் தாண்டி நிழல் நீளநீள அந்தப் பெண்களுக்கு இடுப்பு கடுத்தது, தெருவில் அவர்கள் போன இடமெல்லாம் மூட்டை இழுத்த தடம் விழுந்தது. நிழல் காலடியில் ஒடுங்கியிருக்கிற உச்சிவெயில் நேரத்திலேயே வேலையை முடித்து வெளியே விட வேண்டும் என்று சங்கம் கோரிக்கை வைத்தது. அது தொபியாஸின் மூளை. கம்பெனி பதிலுக்கு வாசலில் ஒரு கூரை போட்டு விளக்கு வைத்து, நிழல் விழுகிற கோணத்தைத் தானே தீர்மானித்தது. மணல் சலித்த ஒரு பெண் காய்ச்சலில் செத்தபோது, பெட்டிக்குள் நிழலை மடித்து வைப்பதா, தனியாகக் குழி வெட்டுவதா என்று கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கட்சி ஆகி, கடைசியில் உடம்பைக் கிழக்காகவும் நிழலை மேற்காகவும் வைத்தார்கள்.

பிறகு நிழல்கள் திருடுபோக ஆரம்பித்தன. முழுசாக அல்ல. தூங்குகிறவளின் நிழலில் ஓரம் கத்தரித்திருக்கும். குனிந்து மீன் கழுவுகிறவளின் நிழலில் காதுப்பக்கம் இருக்காது. கம்பெனி ஒளித்து வாங்குகிறது என்று ஒரு பேச்சு. அவ்வளவுதான், சிப்பிக்கரையில் ஒருத்தரும் ஒருத்தருக்கு முதுகு காட்டவில்லை. கத்தரிக்கோல் வைத்திருந்த தையல்காரன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. கொழுந்தன் வந்தால் மைனி வெயிலிலிருந்து கூரைக்குள் போனாள். தொபியாஸ் எல்லோரையும் சந்தேகப்பட்டான். முதலில் காவல்காரனை, அப்புறம் தையல்காரனை, அப்புறம் கோயில் வேலைகளைப் பார்க்கிற வேதமாணிக்கம் உபதேசியாரை, அப்புறம் சங்கத்தின் பொருளாளரை. இரண்டு நாள் ரெஜினாளையும் சந்தேகப்பட்டு, அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

"நான் களவெடுத்தா உனக்க நாக்கைத்தான் மொதல்ல வெட்டி எடுப்பேன் பாத்துக்கோ," என்றாள் ரெஜினாள். "அதுக்குத்தான் எடை கூடுதல்."

மார்த்தீனாள் லேசாகிக்கொண்டே வந்தாள். முதலில் காலடி பதியவில்லை, பிறகு கயிற்றுக்கட்டில் அவள் படுத்தால் தொய்யவில்லை, பிறகு கிணற்றில் வாளி இறக்கினால் வாளி அவளைத் தூக்கியது. மடியில் அம்மிக்குழவியைக் கட்டிக்கொண்டு நடந்தாள். காற்று எழும்புகிற நேரத்தில் ரெஜினாள் அவள் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி வாசல்தூணில் கட்டிவிட்டுப் போவாள். அப்படியும் அவள் குதிகால் தரையில் பாவாமல் நின்றது. இடவப்பாதியின் காற்று எப்படி வரும் என்று கடற்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், கூரையையே கழற்றிக்கொண்டு போகிற காற்று. அதற்குமுன் நிழல் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மார்த்தீனாள் இல்லை. அதற்குமுன்தான் கப்பலும் வருகிறது.

வழியைக் காட்டியது ஒரு கல்யாண ஓலை. கோயிலில் ஒரு கல்யாணம் நடக்குமுன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்ன கோயில் பங்கில், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த இன்னாள் என்று காகிதத்தைப் பார்த்து உபதேசியார் சபைக்கு வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அது நிலைத்தது. ரெஜினாளின் மகள் செசிலிக்கு ஓலை வாசித்தார்கள். அந்தப் பெண்ணின் நிழலிலும் தோள்பக்கம் ஒரு துண்டு போயிருந்தது. உபதேசியார் அவள் பெயரை வாசித்து முடித்து, தடை உண்டோ என்று கேட்டு, சபை சும்மா இருந்தபோது, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பன் வேட்டிமடியிலிருந்து கறுப்பாக ஒரு துண்டு நழுவி, தரையில் ஊர்ந்து, பெண்கள் பக்கம் வந்து, செசிலியின் நிழலில் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டது.

பூசை நின்றது. ரெஜினாள் முக்காட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஓய் சம்மந்தி, பொண்ணு பாக்க வந்தீரா, துணி வெட்ட வந்தீரா?"

"சும்மா ஒரு ஓரந்தான் எடுத்தேன்... பொண்ணுக்குக் கனம் எவ்வளவுன்னு..." என்றார் அவர், மடியைப் பொத்திக்கொண்டு.

"உம்ம மவனுக்குக் கனம் எவ்வளவுன்னு நான் எதை வெட்டிப் பாக்க?"

கோயில் சிரித்தது. பீடத்திலிருந்த சாமியார்கூடப் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் தூக்கினார். கல்யாணம் நின்றுபோகவில்லை, சீர் மட்டும் பாதியானது. ஆனால் ஊருக்கு ஒன்று விளங்கிவிட்டது. பெற்றவர் பெயரோடும் பங்கின் பெயரோடும் ஒருத்தியின் பெயரை எழுதி, சபைமுன் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால், நிழல் தன் ஆளிடம் போய்விடும். அடுத்தடுத்த ஞாயிறுகளில் உபதேசியார் ஓயாமல் வாசித்தார். ஒரு துண்டு காணிக்கைப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. தையல்காரன் வீட்டிலிருந்து ஒரு துண்டுகூட வரவில்லை, அதனால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, யாரும் கேட்கவில்லை. ஒரு துண்டு சங்கக் கொட்டகையில் பெஞ்சுக்கடியிலிருந்து வந்தது. யாரோ வேண்டுமென்றே கொண்டுவைத்தது என்று தொபியாஸ் அன்றே ஒரு துண்டறிக்கை எழுதினான்.

மார்த்தீனாளுக்கும் வாசித்தார்கள். சிப்பிக்கரை பங்கில், சேசடிமைக்கும் ஞானப்பூவுக்கும் பிறந்த மார்த்தீனாள். சபை வாசலையே பார்த்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

"கிட்டங்கிக்கு இரும்புக் கதவு," என்றான் தொபியாஸ், எவரும் கேட்காமலே. "இரும்பைத் தாண்டி வராது. கதவைத் தொறந்துபோட்டு அங்கயே வாசிக்கணும்."

அதற்காக அவன் மனு எழுதினான், பெண்களைத் திரட்டி வாசலை மறித்தான், இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தான். கடைசியில் மகாராஜாவின் பெரிய அதிகாரியான பேஷ்கார் விசாரணைக்கு வந்தார். கம்பெனி மறுக்கவே இல்லை. சீமைக்குப் போகிற பொருளுக்கு வில்லங்கம் இருக்கக் கூடாதாம். மரியாள் என்பவள் வரட்டும், பெயரை வாசிக்கட்டும், நிழல் போனால் கொண்டுபோகட்டும். போகாவிட்டால் சுருட்டு கம்பெனியுடையது, அதற்கு எலினோரியம் என்று பெயர் வைப்பதை அதே சாட்சிகள்முன் பேஷ்காரே வாசித்துக் கையெழுத்திடுவார். தொபியாஸுக்கு இந்தச் சம்மதம் பிடிக்கவில்லை. சண்டை போடுகிற கம்பெனியை அவனுக்குத் தெரியும். சிரிக்கிற கம்பெனியை அவன் அதுவரை பார்த்ததில்லை.

விசாரணைக்குக் குறித்த நாளில் கிட்டங்கியின் கதவு காலையில் திறந்தது. உள்ளே மணல்மூட்டைகளுக்கு நடுவில், மேசைமேல் சுருட்டு கிடந்தது, நடுவில் சரடு, சரடில் சீட்டு. கண்கட்டு வித்தை நடக்கக் கூடாது என்று பேஷ்கார் மார்த்தீனாளை எதிர்க்கோடியில் நிறுத்தினார். ரெஜினாள் அவள் இடுப்புக் கயிற்றின் நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். கதவு வழியே காற்று வரும்போதெல்லாம் கயிறு விறைத்தது. இரண்டுக்கும் நடுவே சாட்சிகள், மணல்வாடிப் பெண்கள், மீன்காரர்கள், காலில் செருப்பில்லாத ஊர் முழுவதும். மானேஜர் துரை நாற்காலியில் இருந்தார். கெமிஸ்ட் துரை உட்காரவில்லை. சுருட்டைப் பிரிய மனமில்லாதவர்போல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

"மரியாள் யாரு?" என்றார் பேஷ்கார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எல்லாரும்தான்," என்றாள் ரெஜினாள்.

"எல்லாருமா?"

"எங்க சங்கத் தலைவர் வச்ச பேருங்க எசமான். ஒரே பேரு, சிக்கனம்."

மானேஜர் சிரித்தார். தொபியாஸ் சிரிக்கவில்லை. உபதேசியாரிடம் காகிதத்தை நீட்டினான். உபதேசியார் இது கோயில் அல்ல என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவனே வாசித்தான். சிப்பிக்கரை பங்கில், சேசடிமைக்கும் ஞானப்பூவுக்கும் பிறந்த மார்த்தீனாள். தடை உண்டோ? யாரும் சொல்லவில்லை. சுருட்டும் அசையவில்லை. இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது.

"மாத்திட்டானுவ!" என்று தொபியாஸ் கத்தினான். "சுருட்டை மாத்திட்டானுவ! இது எனக்க தங்கச்சிக்க நெழலே இல்ல. எசமான், இவன் சிரிச்சப்பவே நான் நெனச்சேன்!"

கெமிஸ்ட் துரை வேகமாகத் தலையாட்டினார். அவர் மாற்றவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைத்தான் தொபியாஸால் நம்ப முடியவில்லை. பேஷ்கார் தன் கோட்டுப் பையிலிருந்து எலினோரியம் என்று எழுதிய மற்றக் காகிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தார்.

"அண்ணே, இஞ்ச வா," என்றாள் மார்த்தீனாள்.

அவன் போனான்.

"அவனுவ சுருட்டை மாத்தல. பேருதான் மாறிக் கெடக்கு. உனக்குத் தெரியாதா?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், யார் கேட்கிறார்கள் என்று. ரெஜினாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவள் வேறெங்கே போவாள்.

அவனுக்குத் தெரியும். காயலுக்கு அந்தப் பக்கம் உப்பளத்துக் குடிசைகளில் வாந்திபேதி வந்த வருஷம், அப்பாவின் தோணியில் போன அம்மா பெற்றவர்கள் செத்துப்போன ஒரு பெண்குழந்தையைத் தூக்கிவந்து, வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, யாரிடமும் சொல்வதில்லை என்று அவனையும் அப்பாவையும் சிலுவைமேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்து, பாட்டி வீட்டில் வளர்ந்த தன் மகள் என்று ஊருக்குச் சொன்னாள். உப்பளத்து ஆட்கள் கோயிலுக்குள் வர முடியாது. வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுதான் பூசை காண வேண்டும். மேட்டுப்பாதையில் சிப்பிக்கரையின் நிழல் படக் கூடாது என்றால், சிப்பிக்கரைமேல் உப்பளத்தின் நிழல் படக் கூடாது. அந்த அநியாயத்தை தொபியாஸ் தன் வரிசையில் சேர்த்ததே இல்லை. சேர்த்தால் அதைச் செய்தவர்கள் அவன் சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கம் இரண்டாகும், தங்கையைக் கிணற்றில் அண்டவிட மாட்டார்கள், கம்பெனிக்கு ஒரு குண்டூசி செலவில்லாமல் எல்லாம் முடியும். அதனால்தான் அந்தச் சத்தியத்தை அவன் துண்டறிக்கைகளைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"வந்த மாப்பிள்ளை ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சு வெரட்டினியே, எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றாள் மார்த்தீனாள், சின்னக் குரலில், கோபமில்லாமல். "ஓலையில பேரு வாசிக்கணும். காயலுக்கு அங்கேருந்து எவனாவது வந்து தடை சொல்லீருவான்னு பயம் உனக்கு. சரி, அது போச்சு. இப்பவும் நான் அந்தப் பேரோட காத்துல போகணுமா?"

"பிள்ள, நீ இவனுவள அறியமாட்டே. இப்ப உனக்காவ நிக்குதானுவ. பேரைக் கேட்டா இதே ஆளுங்கதான் மொத ஆளா..."

"மிதிக்கணும்னா மிதிக்கட்டும். மிதிக்கவாவது அது தரையில கெடக்கணும்லா?"

கயிறு மறுபடி விறைத்தது. ரெஜினாள் அதை மூன்றாவது சுற்றும் சுற்றினாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தொபியாஸ் தேடிப் பார்த்தான். வியர்வை இருந்தது. வேறொன்றும் பிடிபடவில்லை.

"பெத்தவங்க பேரு எனக்குத் தெரியும்," என்றான் அவன் கடைசியில். "அம்மா சொல்லீருக்கா. உனக்கு என்ன பேரு வச்சாங்கன்னு அம்மாவுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். எனக்கு அப்ப அஞ்சு வயசு."

அவள் அவன் காதில் சொன்னாள். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து, பின்பக்கம் எழுதாமலிருந்த இடத்தில், பேஷ்காரின் குமாஸ்தாவிடம் பென்சிலைப் பிடுங்கி எழுதினான். யாருக்கும் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான், பழக்கம் விடவில்லை. பிறகு மேசைக்கும் தங்கைக்கும் நடுவே, சாட்சிகளின் வரிசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னொருக்க வாசிக்கேன் எசமான்."

"இதுதான் கடைசி," என்றார் பேஷ்கார்.

"காயலுக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில்," என்று தொபியாஸ் வாசித்தான்.

சாட்சிகளுக்குள் ஒரு முனகல் எழுந்தது. யாரோ ஒருவன் "என்னவே இது" என்றான். மேசைமேல் சுருட்டின் சரடு தானாக அவிழ்ந்து, மரியாள் என்ற சீட்டு தரையில் விழுந்தது. கெமிஸ்ட் துரை கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"மாடனுக்கும்," என்று வாசித்தான். நிழல் மேசையின் விளிம்பிலிருந்து தொங்கி, தரையைத் தொட்டு, பாய் விரிகிற சத்தத்தோடு விரிய ஆரம்பித்தது. மானேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பேஷ்கார் கையிலிருந்த காகிதத்தை மறுபடி மடித்தார்.

"அழகிக்கும்," என்று வாசித்தான். இப்போது அது சாட்சிகள் நின்ற இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் போக வேறு பாதை இல்லை. யாராவது ஒருவர் காலை எடுக்காமல் ஊன்றி நின்றால் போதும், அது அங்கேயே நின்றுவிடும். தடை என்பது வாயால் சொல்வது மட்டும் அல்ல என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் நின்றவன் குனிந்து அது தன் விரல்களை நோக்கி வருவதைப் பார்த்தான். காலைத் தூக்கினான். அடுத்தவன் தூக்கினான். பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். உபதேசியாரும் கடைசி நொடியில் காலை எடுத்தார். தீட்டுப் படக் கூடாது என்று எடுக்கிறார்களா, வழிவிடுவதற்கு எடுக்கிறார்களா என்று தொபியாஸ் ஒவ்வொரு காலாகப் பார்த்தான், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், இத்தனை வருஷம் மனுஷரைச் சந்தேகப்பட்டுப் பழகிய கண்ணால் பார்த்தும் அவனால் சொல்ல முடியவில்லை. ரெஜினாள் மட்டும் நகரவில்லை. அவள் கையிலிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிழல் மார்த்தீனாளின் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, இன்னும் வாசிக்காத சொல்லுக்காக நின்றது.

தொபியாஸ் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிறந்த, இசக்கி."